கேள்வியை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வாசகர் பக்கத்தில் நெய்வேலி வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கட்சிகளைக் கலைத்துவிட வேண்டும், தேர்தல் முறையை மாற்ற வேண்டும், இனி எல்லாவற்றையும் மக்களே பொது வாக்கெடுப்பில் முடிவு செய்துகொள்ளலாம், கைப்பேசியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்கிறார். கோபத்தில் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். ஆனால் வாக்குச்சாவடியில் மேசை போட்டு உட்கார்ந்த ஆசிரியை என்ற முறையிலும், கணக்குப் பாடம் எடுத்துப் பிழைத்தவள் என்ற முறையிலும் எனக்கு இதில் சொல்ல இருக்கிறது. கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் கை வைக்காதீர்கள்.

முதலில் கைப்பேசியைத் தீர்த்துவிடுகிறேன். ஒரு தேர்தலில் குறிஞ்சிப்பாடி பக்கம் எனக்குப் பணி. ஒருவர் மனைவியைக் கையோடு அழைத்துக்கொண்டு மறைப்பு வரைக்கும் வந்துவிட்டார். “கண்ணு சரியாத் தெரியாதுங்க டீச்சர், நானே போட்டுர்றேன்” என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “எனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியும்” என்றது. அவ்வளவுதான் பேசியது. அவரை வெளியே நிறுத்தினேன். அட்டை மறைப்புக்குள் அந்த அம்மாள் தனியாக நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கும். கைப்பேசி ஓட்டு வந்தால் அந்த அரை நிமிடம் போய்விடும். வீட்டுக்குள் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் கையில் ஓட்டும் இருக்கும். ஆகவே அது வேண்டாம்.

பொது வாக்கெடுப்புக்கு வருவோம். இதைப் பற்றிப் பேச நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனென்றால், கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்காமலே முடித்த இடம் புதுச்சேரி. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டில், பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்கிருக்கிற மக்களே தீர்மானிப்பார்கள் என்று இருந்தது. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் அது நடந்தது. 1949 ஜூன் 19 அன்று மக்கள் வரிசையில் நின்று போட்டார்கள். இந்தியாவோடு சேர 7,463 ஓட்டு, வேண்டாம் என்று 114. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படி நடக்கவில்லை. ஆறு வருடம் இழுபறி. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரைத் தாண்டி இருக்கிற கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16.

முடிவு சரியான முடிவு. வரிசையில் நின்று போட்டிருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும். ஆனால் அந்த 178 பேரில் எத்தனையோ பேர் அதே வருடம் வரை பிரான்ஸ் பக்கம் நின்று பேசியவர்கள். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியைக் கையில் வைத்திருந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில்தான் இந்தியப் பக்கம் திரும்பினார். காற்று மாறியது, அவரோடு ஒரு கூட்டமே மாறியது. பின்னாளில் அவர் முதலமைச்சர். இன்று நாம் மீன் வாங்குகிற மார்க்கெட்டுக்கு அவர் பேர்தான். கட்சி தாவுவது என்னவோ போன வருடம் கண்டுபிடித்தது போல் நெய்வேலி வாசகர் எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

என் அக்காவை வில்லியனூரில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் பிரெஞ்சுக் குடிமகன், அக்கா இந்தியக் குடிமகள். ஒரே அடுப்பு, இரண்டு வாக்காளர் பட்டியல். 2000 செப்டம்பரில் பிரான்சில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள்: ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஏழு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கலாமா என்று. நூற்றுக்கு 73 பேர் குறைக்கலாம் என்றார்கள். ஆனால் நாட்டில் நூற்றுக்கு 30 பேர்தான் போட்டார்கள். மாமாவும் போகவில்லை. “மழையில யாரு பீச் ரோட்டுக்குப் போறது, அதுவும் கெழவன் அஞ்சு வருஷம் இருந்தா என்ன, ஏழு வருஷம் இருந்தா என்ன” என்றார். 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனத்தை ஏற்பதா என்று கேட்டபோது சட்டை மாட்டிக்கொண்டு போனார். பிரான்ஸ் வேண்டாம் என்றது, நூற்றுக்கு 55. மூன்று வருடம் கழித்து அதில் பெரும்பகுதியை லிஸ்பன் ஒப்பந்தம் என்ற பேரில் பாராளுமன்றத்தில் வைத்து நிறைவேற்றிக்கொண்டார்கள். மாமாவுக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. “வாசல்ல நிக்க வெச்சு வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம். தோட்டத்துப் பக்கமா உள்ள வந்துட்டாங்க” என்பார்.

அக்கா இதைக் கேட்டுக்கொண்டே, “உங்களையாவது கேட்டாங்க” என்பாள். அவள் சொல்வது கொம்யூன் பஞ்சாயத்தை, அதாவது புதுச்சேரியின் ஊர்ப்புற உள்ளாட்சியை. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே நகரசபை வைத்துத் தேர்தல் நடத்திய ஊர் இது. சுதந்திரத்துக்குப் பிறகு 1968-இல் ஒரு உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 38 வருடம் கழித்து 2006-இல். 2011-இல் அந்தக் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு அறிவிப்பு வந்திருக்கிறது, வழக்கு வந்திருக்கிறது, தேர்தல் வரவில்லை. ஐரோப்பாவின் அரசியல் சாசனத்தைப் பற்றி வில்லியனூர் சொல்தாவிடம் கேட்கிறார்கள். தெருச் சாக்கடையைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்க ஆள் இல்லை.

இந்திய அரசியல் சாசனத்தில் பொது வாக்கெடுப்புக்கு இடமே இல்லையே என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தடையும் இல்லை. கோவாவில் நடத்தியிருக்கிறார்களே. 1966-இல் பாராளுமன்றம் அதற்கென்றே தனிச்சட்டம் போட்டது. கேள்வி: மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாகவே இருப்பதா? சேர்வதற்குப் பூ சின்னம், தனியாக இருக்க இரட்டை இலை. (நம்மூர் இரட்டை இலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது அப்போது பிறக்கவே இல்லை.) நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காகத் தயானந்த் பந்தோட்கர் அரசு முன்கூட்டியே ராஜினாமா செய்தது. 1967 ஜனவரி 16 அன்று ஓட்டு. தனியாக இருக்க 1,72,191, சேர 1,38,170. வித்தியாசம் 34,021.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. சேர வேண்டும் என்று முழங்கிய கட்சி பந்தோட்கருடையது. அவர் யோசனையைத் தோற்கடித்த அதே ஜனம், இரண்டு மாதம் கழித்து வந்த சட்டசபைத் தேர்தலில் அவரையே மறுபடி முதலமைச்சர் ஆக்கியது. அயர்லாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே வாக்காளர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிற விகிதாசார முறை, அதாவது ஓட்டு எவ்வளவோ ஏறக்குறைய அந்த அளவுக்கு இடம். ஆளுங்கட்சிக்கு அது கையைக் கட்டியது. நம்மைப் போல, யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார் என்கிற முறைக்கு மாற்ற நினைத்தார் அப்போதைய பிரதமர் தே வலேரா. 1959 ஜூன் 17 அன்று ஒரே நாளில் இரண்டு ஓட்டு: அவர் ஜனாதிபதி ஆவதற்கு ஒன்று, தேர்தல் முறையை மாற்றுவதற்கு ஒன்று. அவரை ஜனாதிபதி ஆக்கினார்கள், அவர் கேட்ட மாற்றத்தைக் கொடுக்கவில்லை. 1968-இல் அவர் கட்சி திரும்பவும் கேட்டது. நூற்றுக்கு 61 பேர் முடியாது என்றார்கள்.

ஆக, ஜனங்களுக்கு ஆளையும் விஷயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். நம் தேர்தலில் அதற்கு வழி இல்லை. ஒரு பொத்தான்தான். முதலமைச்சர் யார், எம்.எல்.ஏ. யார், மதுக்கடை வேண்டுமா, மாநில அந்தஸ்து வேண்டுமா, எல்லாவற்றையும் அந்த ஒரு பொத்தானில் திணித்து அமுக்க வேண்டும். புதுச்சேரி சட்டமன்றம் மாநில அந்தஸ்து கேட்டு எத்தனை முறை தீர்மானம் போட்டுவிட்டது! கோவா 1987-இல் மாநிலமாகிவிட்டது. புதுச்சேரிக்காரர்களிடம் நேராகக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. காரைக்காலில் ஒன்று சொல்லலாம், ஏனாமில் வேறு சொல்லலாம். அதையாவது தெரிந்துகொள்ளலாமே.

இதைப் படித்துவிட்டு நெய்வேலி வாசகர் ‘நானும் அதைத்தானே சொன்னேன்’ என்று கிளம்ப வேண்டாம். பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 1982 டிசம்பர் 22 அன்று ஜனாதிபதி ஜெயவர்த்தனா ஒரு வாக்கெடுப்பு வைத்தார். பொதுத்தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டித்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. சரி என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். நூற்றுக்கு 54-க்குச் சற்று அதிகமாக விளக்குக்கு விழுந்தது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. அதனால் என்ன? 1977-இல் ஆறில் ஐந்து பங்கு இடம் பிடித்த பாராளுமன்றம் பொதுத்தேர்தல் இல்லாமலே 1989 வரை ஓடியது. அந்த வருடங்களில் தமிழருக்கு என்னென்ன நடந்தது என்று தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாக்கெடுப்பு என்று பேர், செய்தது தேர்தலைத் தின்றது. கேள்வியை எழுதியவர் பதவியில் இருந்தவர். எப்போது கேட்பது என்று தீர்மானித்தவரும் அவரே.

என் வாதமே இதுதான். வாக்கெடுப்பு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. கேள்வியை எழுதுவது யார், அதை எழுத யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், பதிலை மதிப்பதாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டார்களா என்று பார்க்க வேண்டும். அதுவும் கேள்வி தேர்தல் முறையைப் பற்றியது என்றால், இந்த முறையில் ஜெயித்து வந்தவரிடம் போய் இந்த முறையை மாற்று என்று சொல்ல முடியாது. எந்தக் கட்சியானாலும் சரி.

மாற்ற வேண்டுமா என்பதற்கு இரண்டு கணக்கு மட்டும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. வாங்கியது நூற்றுக்கு 44 ஓட்டு, கிடைத்தது 39-இல் 37 இடம். தி.மு.க.வுக்கு 23-க்கு மேல் ஓட்டு, இடம் சைபர். பத்து வருடம் கழித்து 2024-இல் தி.மு.க. கூட்டணிக்குப் பாதிக்கும் குறைவான ஓட்டு, 39-க்கு 39. என் வகுப்பில் ஒரு பையன் இப்படி விழுக்காடு போட்டிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்னும் பழையது வேண்டுமானால் 1967. எல்லோரும் பெருவெற்றி என்று பேசுகிற அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு விழுந்த ஓட்டு தி.மு.க.வுக்கு விழுந்ததைவிட ஒரு மயிரிழை அதிகம். தி.மு.க. கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்துக் குறைந்த தொகுதிகளில் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே எனக்கு மறுப்புக் கடிதம் வரும்.

நியூசிலாந்தில் இதே வியாதி. 1978-லும் 1981-லும் அதிக ஓட்டு ஒரு கட்சிக்கு, ஆட்சி இன்னொரு கட்சிக்கு. 1986-இல் ஒரு ஆணையம் உட்கார்ந்து, தொகுதி உறுப்பினர் பாதி, கட்சி ஓட்டு விகிதப்படி மீதி என்ற கலப்பு முறையைச் சொன்னது. பெரிய கட்சிகளுக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் இரண்டு தவணையாகக் கேட்டார்கள். 1992-இல் ‘மாற்ற வேண்டுமா, வேண்டுமானால் எதற்கு?’ நூற்றுக்கு 85 பேர் மாற்ற வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் பொதுத்தேர்தலோடு சேர்த்து ‘பழையதா, புதியதா?’ இப்போது 54 பேர்தான் புதியதுக்கு. இந்த இறக்கத்தைக் கவனியுங்கள். சும்மா கேட்டால் எல்லோரும் மாற்றம் என்பார்கள். இதுதான் மாற்றம் என்று கையில் கொடுத்தால் யோசிப்பார்கள். யோசிக்க ஒரு வருடம் இருந்தது. 2011-இல் பிடித்திருக்கிறதா என்று திரும்பக் கேட்டார்கள், 58 பேர் இருக்கட்டும் என்றார்கள். அதே 2011-இல் பிரிட்டனில் விருப்ப வரிசை முறைக்கு வைத்த வாக்கெடுப்பு, கூட்டணிக்குள் பேரம் பேசிக் கொண்டுவந்தது. பிரதமரே எதிர்த்துப் பிரசாரம் செய்தார், நூற்றுக்கு 68 பேர் வேண்டாம் என்றார்கள், கதை முடிந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேள்வியை அரசு எழுதவில்லை. 79 தொகுதியிலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண் என்று வாக்காளர்களில் குலுக்கல் போட்டு எடுத்தார்கள். பூர்வகுடிகளில் இருந்து இருவர். மொத்தம் 160 பேரும் தலைவர் ஒருவரும். 2004 முழுக்க வார இறுதிகளில் உட்கார்ந்து படித்தார்கள், ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள், கடைசியில் 146-க்கு 7 என்ற கணக்கில் ஒரு முறையைச் சொன்னார்கள். அயர்லாந்து முறையேதான். 2005 மே மாதம் வாக்கெடுப்பு. நூற்றுக்கு 57.7 பேர் சரி என்றார்கள், 79-இல் 77 தொகுதியில் பெரும்பான்மை. ஆனாலும் தோற்றது. ஏனென்றால் 60 வேண்டும் என்று அரசு முன்பே கோடு கிழித்திருந்தது. ஆட்சியைப் பிடிக்க 40 போதும், ஆட்சி பிடிக்கிற முறையை மாற்ற 60 வேண்டும்! மறுபடி 2009-இல் கேட்டபோது சூடு ஆறிவிட்டது, 39 தான் வந்தது. அதே நாட்டில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2016-இல் மாற்றத்துக்கு 52 வந்தும், ஓட்டுப் போட வந்தவர்கள் போதாது என்று அரசு கைகழுவியது.

குலுக்கல் என்றதும் ‘நம் முன்னோர் அன்றே செய்தார்கள்’ என்று உத்திரமேரூரைக் கொண்டுவருவீர்கள். தெரியும். பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு, 30 குடும்பு (வார்டு மாதிரி), ஓலை நறுக்கில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள். பதவியில் இருந்தவர் கொஞ்சகாலம் திரும்ப வர முடியாது, கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. எல்லாம் அருமை. ஆனால் சொந்த மனையில் வீடும், கால் வேலி நிலமும், வேதப் படிப்பும் உள்ளவர் பேர்தான் அந்தக் குடத்துக்குள் போகும். என் பாட்டன் பேரும் போயிருக்காது, பாட்டி பேரும் போயிருக்காது. குலுக்கலை எடுத்துக்கொள்வோம், பட்டியல் மட்டும் நம் வாக்காளர் பட்டியலாக இருக்கட்டும்.

இனி, கட்சியே வேண்டாம் என்கிற பேச்சு. அரசியல் சிந்தனையாளர் எம்.என்.ராய் 1948-இல் சொந்தக் கட்சியையே கலைத்துவிட்டு இதைச் சொன்னார், ஜெயப்பிரகாஷ் நாராயணும் சொன்னார். பெரியவர்கள். ஆனால் நெய்வேலி வாசகர் தன் பக்கத்துக் கிராமத்தில் கட்சியில்லாத் தேர்தல் இத்தனை வருடமாக நடக்கிறது என்பதை மறந்துவிட்டார். தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது.

2011 அக்டோபரில் பரங்கிப்பேட்டை ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் பணி. உள்ளாட்சியில் ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. வார்டுக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலையும் மடித்துப் பெட்டியில் போடுவதற்குள் வயதானவர்களுக்கு விரல் நடுங்கிவிடும். ஒரு பாட்டி இளஞ்சிவப்புச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மறைப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. “ஏம்மா டீச்சரு, எலையக் காணோம், சூரியனக் காணோம். பூட்டும் சாவியும் இருக்குது. நம்ம சின்னத்த அடிக்க உட்டுட்டாங்களா?” என்றது. “தலைவர் ஓட்டுக்குக் கட்சி கிடையாது பாட்டி, ஆளைப் பார்த்துப் போடுங்க” என்றேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தது. “கட்சி இல்லாம எவன் நிக்கறான்? பூட்டு யாரு ஆளுன்னு மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்.” பெஞ்சில் இருந்த ஏஜெண்டுகள் சிரித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது. சீட்டை வெளியே காட்டாதீர்கள் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.

கட்சியை வாசலில் நிறுத்தினால் உள்ளே வருவது யார் என்று பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் இதே கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊரில் தலைவர் பதவி லட்சக்கணக்கில் ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. 2020 அக்டோபரில் வெளிவந்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: புவனகிரி பக்கம் ஒரு ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில். அங்கே கட்சி இல்லை. சாதி இருந்தது. கட்சி இருந்திருந்தால் நாற்காலி கிடைத்திருக்குமா என்றால் அதற்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் கட்சிக்கு மாவட்டச் செயலாளர் ஒருவராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புதுச்சேரியில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 30 இடத்தில் 6 பேர் சுயேச்சைகள் ஜெயித்தார்கள். தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்தான், ஒரு மனிதரைக் கல்யாணம் கருமாதி வரைக்கும் தெரிந்திருக்கும், அதனால் அங்கே சுயேச்சை ஜெயிக்க முடிகிறது. ஜெயித்த பிறகு? பெரும்பாலோர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி சுயேச்சை ஒரு கட்சியில் சேர்ந்தால்தான் பதவி போகும். ஆதரவு கொடுத்தால் போகாது. எனவே சேர்வதில்லை, ஆதரவுதான் கொடுப்பார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, தொகுதிக்கு ரோடு வேண்டும் அவர்களுக்கு. ஆனால் கட்சியில்லாத ஆள் என்பதாலேயே அவர் எனக்காகப் பேசிவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

நியமன உறுப்பினர்கள் கதை தனி. 30 பேரை ஜனம் தேர்ந்தெடுக்கிறது, 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம், அவர்களும் ஓட்டுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது ஆளுந்தரப்பில் 12, எதிர்த்தரப்பில் 14. அந்த 14-இல் 3 பேர் நியமனம். கழித்துப் பாருங்கள். ராஜினாமா செய்து ஓடியவர்களால்தான் அந்த நிலை வந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒருவரும் ஓட்டுப் போடாத மூன்று பேர் ஓர் ஆட்சியின் தலையெழுத்தில் கணக்காகலாமா என்பதை ஜனத்திடம் கேட்கத்தான் வேண்டும்.

நேரடியாகக் கேட்பது நம் ஆட்களுக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒடிசாவின் நியமகிரியைக் காட்டுவேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றிக் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபை, மேற்பார்வைக்கு ஒரு மாவட்ட நீதிபதி. அந்த மலையின் பழங்குடிகளான டோங்க்ரியா கோந்து மக்கள் ஒவ்வொரு ஊராகக் கூடி வேண்டாம் என்றார்கள். 12-க்கு 12. சுரங்கம் வரவில்லை. அங்கே வேலை செய்தது என்ன? கேள்வி ஒன்று, புரிகிற கேள்வி, கேட்டவர் நீதிமன்றம், பதிலை மீற முடியாது. நம் கிராம சபையில் குறைவெண் (கூட்டம் செல்வதற்குக் குறைந்தது இத்தனை பேர் என்ற கணக்கு) வரவேண்டும் என்பதற்காக நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் நோட்டோடு நின்றுவிடுகிறது. அதுவும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது.

சரி, இதெல்லாம் சொல்லிவிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஆரம்பிக்கலாம் என்கிறேன். சின்ன ஊர், வாக்காளர் பத்து லட்சம் அளவில்தான். கோவாவுக்குப் போட்டது போல் ஒரு சட்டம் பாராளுமன்றம் போடலாம். அதற்கு முன்னால் கொம்யூன் தேர்தலை நடத்திவிட வேண்டும். வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவே விடாதவர்கள் தேர்தல் முறையைப் பற்றி வாக்கெடுப்பு வைக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் அடித்துவிடுங்கள். 30 தொகுதியில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹே 1, ஏனாம் 1. மொத்தத்தையும் ஒரே பட்டியலாக்கி விகிதாசாரம் போட்டால் மாஹேயும் ஏனாமும் காணாமல் போய்விடும். ஒன்று கேரளத்துக்குள், ஒன்று ஆந்திரத்துக்குள் இருக்கிறது. எனவே புதுச்சேரியை ஐந்து இடம் கொண்ட நாலு பெரிய தொகுதி, மூன்று இடம் கொண்ட ஒன்று என்று பிரிக்கலாம், 23 ஆகிவிட்டது. காரைக்கால் முழுவதும் ஐந்து இடத் தொகுதி. வாக்காளர் 1, 2, 3 என்று போட வேண்டும். ஐந்து இடத் தொகுதியில் 1,35,000 ஓட்டு விழுந்தால் அதை ஆறால் வகுத்து ஒன்று கூட்டினால் 22,501. அதை எட்டியவர் உள்ளே. மிஞ்சிய ஓட்டும், கடைசியில் வந்து கழிந்தவரின் ஓட்டும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மாஹேயிலும் ஏனாமிலும் ஒரே இடம், அங்கேயும் 1, 2, 3 தான், பாதியைத் தாண்டியவர் ஜெயித்தார். கட்சிக்காரரும் நிற்கலாம், சுயேச்சையும் நிற்கலாம். ஐந்தில் ஒன்றாவது வேறு கட்சிக்குப் போவதால் தெருவில் யாரிடமாவது போய் முறையிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி எண் போடுவார் என்று கேட்பவர்களுக்கு: மாத்திரை அட்டையில் காலை ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு என்று பிரித்துச் சாப்பிடுகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தவிரவும், மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர் தொகுதிக்கு எனக்கு முந்திய தலைமுறை இப்படித்தான் எண் போட்டு ஓட்டுப் போட்டது. ராஜ்யசபாவுக்கு எம்.எல்.ஏ.க்கள் இன்றைக்கும் இப்படித்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு ஆகிற முறை நமக்கு ஆகாதா?

ஆனால் இது என் கணக்கு மட்டும்தான். ஜனத்தின் முன்னால் வைக்கிற சீட்டில் என்ன எழுதுவது என்பதை நானோ, முதலமைச்சரோ, துணைநிலை ஆளுநரோ தீர்மானிக்கக் கூடாது. தொகுதிக்கு ஒரு ஆண், ஒரு பெண்ணாக வாக்காளர் பட்டியலில் குலுக்கி 60 பேரை எடுங்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் பேர் வந்தால் அடுத்த சீட்டை எடுங்கள். தட்டாஞ்சாவடி ஆட்டோ ஓட்டுநர் வரட்டும், பாகூரில் நாற்று நடுகிற அம்மாள் வரட்டும், காலாப்பட்டு மாணவன் வரட்டும். நியமன உறுப்பினர் விஷயத்தைச் சீட்டில் சேர்ப்பதா என்பதையும் அவர்களே சொல்லட்டும். ஒரு வருடம் கொடுங்கள். பாதிக்கு மேல் ஓட்டு வந்தால் செல்லும், 60 என்று நடுவில் கோடு கிழிக்க மாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த 60 பேரும் மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு உட்கார வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 டாலர் கொடுத்தார்கள், போக்குவரத்து தனி. இங்கேயும் கூலிக்குக் குறையாத படி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்று நடுகிற அம்மாள் வர மாட்டார், பென்ஷன் வாங்குகிற என் போன்றவர்கள்தான் வந்து உட்காருவோம். கடைச் சிப்பந்திக்கு முதலாளி சம்பளம் பிடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்காரிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மலையாளமும் தெலுங்கும் பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மாஹேயிலிருந்து வருகிற இருவருக்கும் ஏனாமிலிருந்து வருகிற இருவருக்கும் ரயில் டிக்கெட்டும் தங்க இடமும் கொடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் விடுதி சனி, ஞாயிறுகளில் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.